குடும்பத்தில் யாருக்கும் இல்லை

“குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த மாதிரிக் கால் உண்டா?” என்று டாக்டர் இந்தியில் கேட்டார். “இல்லை” என்றேன். யோசிக்கவே இல்லை. இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்போமே, அத்தனை சுலபமாக வந்தது. அவர் கேட்ட அதே கால்கள் இரண்டும் அவருடைய மேஜைக்கு அடியில், என் புடவைக்குள் இருந்தன.

மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. குர்காவ்னில் ஒரு கம்பெனியில் வேலை. தில்லியில் எங்கள் வீடு இருக்கும் ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் போய் வருவாள். உடம்பு இளைப்பதற்காக வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்வது என்று அவளே முடிவு செய்து, அவளே ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து, “சும்மா கூட வாங்க” என்று எங்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தாள். எடைக் கணக்குப்படி அவளுக்கு அந்த ஆபரேஷன் செய்யலாம். ஆனால் டாக்டருக்கு ஒரு சந்தேகம். இடுப்பு சின்னதாக இருக்கிறது, கை கழுத்தெல்லாம் சாதாரணமாக இருக்கிறது, கால் மட்டும் ஏன் இவ்வளவு கனம் என்று யோசித்தவர், அவளைப் பக்கத்து அறைக்கு ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். குடும்பத்தில் இருந்தால் இது வேறு வியாதியாகவும் இருக்கலாம், அப்படியானால் வயிற்றைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான் ‘இல்லை’யை மாற்றிக்கொள்ளவில்லை.

என் கணவர் என் பக்கம் திரும்பி, “ஏன், உனக்கே...” என்று தமிழில் ஆரம்பித்தார்.

“வாயை மூடுங்க” என்றேன். “பேப்பர்ல ஏறிட்டா அப்புறம் அழியாது. நாளைக்கு அவளுக்கு ஒரு வரன் வர வேண்டாமா? அம்மாவுக்கும் இருக்கு, பொண்ணுக்கும் இருக்குன்னு தெரிஞ்சா யானைக்கால் குடும்பம்னுதான் சொல்வாங்க. என் காலைப் பத்தி இங்க மூச்சு விடக்கூடாது.”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். காரை எங்கே நிறுத்தினோம் என்று கேட்கிறார் என்றேன், சிரித்துக்கொண்டே.

தில்லியில் வெகுகாலம் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு திமிர் உண்டு. சுற்றிலும் இந்தி இருக்கும்போது தமிழ் நமக்குக் கதவு சாத்திய அறை என்று நினைப்பு. காய்கறிக்காரர் எதிரிலேயே “சொத்தையைத் தலையில கட்டப் பாக்கறான்” என்போம். மெட்ரோவில் எதிர் ஸீட்டில் இருப்பவரின் மூக்கைப் பற்றிப் பேசிக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து உட்கார்ந்தால், அவர் கையில் டீயைக் கொடுத்துக்கொண்டே “இது எப்பக் கிளம்பும்?” என்று கணவரிடம் கேட்டிருக்கிறேன், முகம் நிறையப் புன்னகையோடு. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அன்றைக்கும் பேசினேன். டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் நின்றிருந்தார். தில்லி ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் பாதிப் பேர் எந்த ஊர்க்காரர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அந்தப் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

என் கால்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கு மேலே நான் ஒல்லி. இடுப்புக்குக் கீழே வேறொருத்தி. தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரே கனம். கணுக்காலில் ரப்பர் பாண்டு போட்டு இறுக்கினாற்போல் ஒரு மடிப்பு. அதற்குக் கீழே பாதம் மட்டும் சின்னதாக, எலும்பு தெரிய இருக்கும். இரண்டு காலும் அச்சு அசலாக ஒரே மாதிரி. பஸ் ஸீட்டின் ஓரம் லேசாகப் பட்டால் போதும், மறுநாள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருக்கும்.

நான் ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து இப்போது செக்‌ஷன் ஆபீசராக இருக்கிறேன். இத்தனை வருஷமும் புடவைதான். ஜனவரிக் குளிரில்கூட சல்வார் போட்டதில்லை. புடவைக்குள் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு விறைத்துக்கொண்டே போவேன். தென்னிந்தியப் பெண்கள் பண்பாட்டை விடமாட்டார்கள் என்று ஆபீஸில் என்னைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார்கள். நானும் அடக்கமாகத் தலையாட்டிக்கொள்வேன். பண்பாடாவது, மண்ணாவது. வீட்டிலும் தரையைக் கூட்டும் நீளத்துக்கு நைட்டி. பெற்ற மகள் என் கணுக்காலைப் பார்த்ததே இல்லை என்றால் நம்புவது கஷ்டம். ஒரு பொம்பளை தீர்மானமாக இருந்தால் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குள் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால்தான் மெதுவாக நடக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இந்த மறைப்பு எங்கே ஆரம்பித்தது என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லா. அந்தப் பக்கத்தில் அந்த நாளில் கால் பெரிதாக இருந்தால் அது யானைக்கால்தான், வேறு பெயர் யாருக்கும் தெரியாது. என் அக்காவுக்கும் இதே கால்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், காபித் தட்டோடு நிலைப்படியைத் தாண்டும்போது அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். அவ்வளவுதான். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். லெட்டர் வரவில்லை, பேச்சு மட்டும் தெரு முழுக்க வந்தது. ரத்தத்தைச் சோதித்து, யானைக்கால் கிருமி எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை யார் படித்தார்கள்? பல வருஷம் கழித்து, பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்குப் பதினாறு வயது. காலைக் காட்டாதவள் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரே ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டேன். என் கல்யாணத்தில் புடவை பாதத்தையே மூடியிருந்தது. அப்புறம் பார்த்த கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதையே அவர் செய்த பெரிய உபகாரமாக எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

மகளுக்குப் பதிமூன்று வயதில், தீபாவளிப் பாவாடைக்கு அளவு பார்க்கும்போது அந்த மடிப்பைப் பார்த்தேன். பார்த்த நிமிஷமே புரிந்துவிட்டது. மறுநாளே அவளை ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். நான் செய்தது, அவள் தட்டில் சோற்றை நிறுத்தினேன். இரண்டு சப்பாத்தி, அதுவும் எண்ணெய் தொடாமல். காலையில் எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீர். செவ்வாய், சனி, கிருத்திகை என்று நாள் தேடித் தேடி விரதம். “வாயைக் கட்டு, கால் தானா இளைக்கும்” என்று சொன்னேன். வருஷக்கணக்காக வாயைக் கட்டிக் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, கால் மட்டும் ஒரு அங்குலம்கூடக் குறையாத நான்தான் அதைச் சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அதோடு விட்டேனா? மலை மந்திர் முருகன் கோயிலில் படியேறும்போது அவள் பாதியில் உட்கார்ந்தால், பின்னால் வருகிறவர்கள் காதில் விழும்படி திட்டுவேன். தமிழ்ச் சங்க விழாவில் யாராவது, “பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்காளே” என்றால், அவர்களுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, “ஃப்ரிட்ஜு சாவியே இவகிட்டதான்” என்று சிரிப்பேன். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கு யோசித்தால் பதில் ஒன்றுதான். அவள் தின்று பெருத்தவள் என்று எல்லோரும் நம்பினால், குடும்பத்தைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். என் கால்களை மறைக்க என் புடவை போதவில்லை, என் மகளின் பெயரையும் எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அந்த மகள்தான், பட்டினி கிடந்து ஒருநாள் மெட்ரோ பிளாட்ஃபாரத்தில் மயங்கி விழுந்த பிறகு, வயிற்றையே வெட்டிக்கொள்வது என்று முடிவுக்கு வந்திருந்தாள்.

ஸ்கேன் முடிந்து அவள் வருவதற்காக வராந்தாவில் நின்றிருந்தேன். கணவர் மருந்துக் கடைப் பக்கம் போயிருந்தார். அந்த நர்ஸ் வந்தார். நாற்பது வயதிருக்கும். என் அருகில் நின்று, குரலைத் தாழ்த்தி, மலையாள வாடை அடிக்கும் தமிழில் பேசினார்.

“அம்மா, நான் கோயமுத்தூர்லதான் நர்ஸிங் படிச்சது. உள்ள நீங்க பேசினது எனக்கு மனசிலாயி.”

கால் நழுவிக் கிணற்றில் விழுந்தாற்போல் இருந்தது. அவர் தொடர்ந்தார். “டாக்டர் சாரிட்ட நான் சொல்லலை. அது நீங்க சொல்ல வேண்டிய காரியம். ஆனா வயித்துல பாதிக்கு மேல வெட்டி எடுத்தா திரும்ப ஒட்ட வைக்க முடியாது. இது லிப்பிடீமாவா இருக்கலாம், காலுல கொழுப்பு சேர்ற ஒரு வியாதி. அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் வரலாம். தின்னு வர்றதில்லை, பட்டினி கிடந்து போறதும் இல்லை. அதுக்கு வேற ஆபரேஷன் உண்டு, காலுல. இங்கயே பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் செய்யறாங்க.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். “ஒட்டுக் கேக்கறதுதான் உங்க டியூட்டியா சிஸ்டர்?” என்றேன். கம்ப்ளெயிண்ட் கொடுப்பேன் என்றும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. “கொடுங்க அம்மா” என்று சொல்லிவிட்டு ஃபைலோடு உள்ளே போய்விட்டார். மாட்டிக்கொண்டவர்களுக்கு வரும் கோபம் இருக்கிறதே, அதற்கு இணையான கேவலம் வேறு கிடையாது.

லிப்பிடீமா. அந்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போய், ஆபீஸ் கம்ப்யூட்டரில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தட்டிப் பார்த்தேன். முதலில் வந்த படத்தில் இருந்தவை என் கால்கள். முகம் தெரியாத எவளோ ஒருத்தி, வெள்ளைக்காரி, என் கால்களோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கணுக்கால் மடிப்பு, அந்தச் சின்னப் பாதம், அந்தக் கன்றல். சட்டென்று திரையை அணைத்தேன். ஐம்பத்து நான்கு வயதில்தான் அதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம்தான்.

ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை, குடும்பத்திலும் இல்லை என்றாகிவிட்டதால் டாக்டர் நாள் குறித்துவிட்டார். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் கஞ்சியும் மோரும் சூப்பும்தான் என்று சொல்லியிருந்தார்கள். அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். அப்படி ஒரு உற்சாகத்தில் அவளை நான் பார்த்ததில்லை. சமையலறை மேடைமேல் சாய்ந்துகொண்டு, “அம்மா, அடுத்த சம்மர்ல நான் ஃப்ராக் போடுவேன், நீ கத்தக்கூடாது” என்றாள். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே “போடேன்” என்றேன். வயிற்றை வெட்டிய பிறகு அவள் கை மெலியும், முகம் மெலியும், கால் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஒரு கிண்ணச் சோறுகூட நிம்மதியாகச் சாப்பிட முடியாமல், அந்தக் காலோடு, அவள் நிற்கப்போகிறாள். இது அத்தனையும் தெரிந்துகொண்டு தினமும் மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் அதிகம் பேசாதவர். ஒருநாள் ஷூ மாட்டிக்கொண்டே, “நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்றார்.

“சொன்னீங்கன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்” என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அங்க போய் அவங்ககிட்ட என்ன சொல்வே?” என்று கேட்டுவிட்டு வங்கி வேலைக்குக் கிளம்பினார். காலால் வாழ்க்கையே போனவளிடம் போய், இந்தக் காலை மறைக்கத்தான் மகளை வெட்டக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றா சொல்வது?

அட்மிஷனுக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அதே அறை, அதே டாக்டர், அதே நர்ஸ். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சம்மதப் படிவத்தைப் படித்தாள். அவளுக்கு எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் கிடையாது, அது நான் கற்றுக் கொடுத்தது. வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில், “குடும்பத்தில் இதே பிரச்சினை, யாருக்கும் இல்லை, தாயார் கூற்றுப்படி” என்று இங்கிலீஷில் சத்தமாகப் படித்தாள். “ஹும். எனக்கு மட்டும்தான் இந்தப் பாக்கியம்” என்று சிரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

தாயார் கூற்றுப்படி. முப்பது வருஷமாக என் பிழைப்பே ஃபைலில் குறிப்பு எழுதுவதுதான். விவரத்தைச் சரிபார்க்காமல் எழுதிக் கொண்டுவருகிற ஜூனியர்களைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். கீழே ஒருத்தர் தப்பாக எழுதினால் மேலே இருக்கிற அத்தனை பேரும் அதன்மேல்தான் கையெழுத்துப் போடுவார்கள், அதற்கப்புறம் அதுதான் உண்மை என்று அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். என் பொய் அந்தப் படிவத்தில் சுத்தமான கையெழுத்தில், என் பொறுப்பில், உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே என் மகள் கையெழுத்துப் போடப் போகிறாள்.

“போடாதே” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். எழுந்தேன். திரையைப் போடச் சொன்னேன். பரிசோதனைக் கட்டில்மேல் ஏறி உட்கார எனக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. அந்த நர்ஸ்தான் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு புடவையை முட்டிக்கு மேலே இழுத்துவிட்டேன். ஏசிக் காற்று காலில் பட்டது. டாக்டர் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை அனுமதி கேட்டு, கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்தினார். “அய்யோ” என்று கத்திவிட்டேன். பாதத்துக்குப் போய், விரல்மேல் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். அங்கே தோல் லேசாக எழும்பியது. இது யானைக்கால் இல்லை, நீர் வீக்கமும் இல்லை என்றார். “அச்சா” என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு மேஜைக்குப் போய் அந்தப் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

கண்ணைத் திறந்தபோது மகள் என் கணுக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“உனக்கு வந்த அதே வயசுல... பதிமூணுலேர்ந்து.”

“நீயும் பட்டினி கிடந்தியா?”

“கிடந்தேன்.”

“இளைச்சுதா?”

“இல்ல.”

“ஓகே” என்றாள். பேனாவை மூடினாள். வீடு வரும்வரை காரில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ‘ஓகே’ இன்னும் என் காதில் இருக்கிறது.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒரு பெண்மணி. ஒளிவு மறைவு இல்லாத பேச்சு. ஆபரேஷன் இல்லாமலும் காலம் தள்ளலாம், இறுக்கமான காலுறை, தண்ணீருக்குள் நடை, கையால் மெதுவாகத் தேய்த்து நிணநீரை வடிப்பது என்று வழிகள் உண்டு, ஆனால் அதனால் கனம் குறையாது என்றார். ஆபரேஷன் என்றால், உப்பு நீரில் மருந்து கலந்து காலுக்குள் செலுத்திக் கொழுப்பைத் தளர்த்திவிட்டு, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது. நிணநீர்க் குழாய்களைச் சேதப்படுத்தாமல் செய்ய வேண்டும், அதனால் ஒரே நாளில் முடியாது. முதலில் முட்டிக்குக் கீழே, சில மாதம் விட்டுத் தொடை, பிறகு இடுப்புப் பக்கம். “வயிற்று ஆபரேஷன் உடம்பு முழுக்கப் பருமனாக இருப்பவர்களுக்கு உதவும். உன் கால்களுக்கு அது ஒன்றும் செய்திருக்காது” என்று மகளிடம் சொன்னார். மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் வலித்தது. இது முழுசாகக் குணமாகும் என்று எழுதித் தரமாட்டேன், வலி குறையும், நடை லேசாகும், காலுறை எப்போதும் வேண்டியிருக்கும் என்று முடித்தார். “செய்துகொள்கிறேன்” என்றாள் மகள்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் அது அழகு சிகிச்சை என்று திருப்பி அனுப்பினார்கள். மறு விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன், எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. பரம்பரையாக வருவது என்பதற்கு அத்தாட்சியாகத் தாயாரின் கால்களை முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில் எடுத்த போட்டோக்களை இணைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டேன். எந்த ஆபீஸில் எந்தக் கிளார்க் டீ குடித்துக்கொண்டே அவற்றைப் புரட்டினாரோ தெரியாது. பதில் வருவதற்கு முன்பே முதல் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

இரண்டு கால்களும் பழுத்த நாவற்பழ நிறத்தில் கன்றியிருக்க வீட்டுக்கு வந்தாள். அந்த இறுக்கமான காலுறையை இழுத்து ஏற்றுவது மல்யுத்தம் மாதிரி. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ஏற்ற வேண்டும். நான் கிட்டப் போனால், “நானே பாத்துக்கறேன்” என்பாள். அந்த நர்ஸ் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் விடுங்க அம்மா” என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்பு கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் ஆகிவிட்டது. இப்போது அவள் மெட்ரோவில் நின்றுகொண்டே போகிறாள். இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறது. என்னோடு பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் சாப்பிட உட்காரும்போது தட்டில் தானே போட்டுக்கொள்கிறாள். நான் கரண்டியை எடுத்தால் கையால் தட்டை மூடிக்கொள்கிறாள். நான் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலுக்கு வந்து, “உக்காரு” என்றாள். கையில் இஞ்ச் டேப், ஒரு பேப்பர். எனக்கும் காலுறை வரவழைக்கப் போகிறாளாம், டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நைட்டியை முட்டிவரை தூக்கச் சொன்னாள். நான் எழுந்து கதவைச் சாத்தப் போனேன். “யாரும்மா வரப்போறாங்க, உக்காரு” என்றாள். தரையில் மண்டியிட்டுக்கொண்டு, கணுக்காலில் ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக டேப்பைச் சுற்றி, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். அவள் உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெண்டைக்காலில் டேப் இறுகியது.

“வலிக்குதா?”

“இல்ல” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. காத்திருந்தாள்.

“வலிக்குது” என்றேன். நாற்பது வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“எனக்கும் இப்படித்தான் வலிக்கும்” என்று எண்ணை எழுதிக்கொண்டே சொன்னாள். “எய்த்ல படிக்கும்போதே உன்கிட்ட வந்து சொன்னேன்.”

சொன்னாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யூனிஃபார்மோடு சமையலறை வாசலில் நின்று, அம்மா, யாரும் தொடாமலேயே கால் வலிக்கிறது, எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். நான் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் அப்படித்தான், போய் ஹோம்வொர்க் பண்ணு என்றேன்.